காஜாங் வட்டாரத்து 618 மரங்கள்



உயிரியல் பொருளாதாரம் என்னும் தொடரைச் சில ஆண்டுகளாகச் செய்திகளில் கேட்டு வருகிறோம். 2005ஆம் ஆண்டில் நம் நாட்டில் தேசிய உயிரியல் தொழில்நுட்பக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2012இல் உயிரியல் பொருளாதார உருமாற்றத் திட்டம் தொடங்கியது. பூமிக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கும் எண்ணெயையும் நிலக்கரியையும் மட்டும் நம்பியிராமல், மண்ணுக்கு மேல் வளரும் மரம், செடி, பயிர் முதலியவற்றிலிருந்து எரிபொருளும் மருந்தும் பிற பண்டங்களும் செய்து விற்பதே இதன் பொருள். பெயர்தான் புதிது. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்களே, அதுவும் இந்தப் பொருளாதாரம்தான்.

அந்த நீண்ட கதை முழுவதையும் ஒரே பேச்சில் சொல்லி முடிக்க இயலாது. செராசுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பகுதியை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

செராசிலிருந்து காஜாங்குக்குப் போகும் பழைய சாலையை நம்மவர்கள் இன்னமும் கட்டைக் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒன்பதாம் கட்டை, பதினோராம் கட்டை என்றால்தான் பெரியவர்களுக்கு இடம் புரியும். 2017 முதல் காஜாங் வரை எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. சன்னல் வழியே பார்த்தால் அடுக்குமாடிகளும் கடை வரிசைகளுமே கண்ணில் படுகின்றன. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் நின்றது என்று சொன்னால் ரயிலில் பள்ளிக்குப் போகும் பிள்ளை நம்ப மாட்டாள். உண்மையில் மலாய் மாநிலங்களில் ரப்பரைத் தோட்டப் பயிராக முதன்முதலில் நட்டுப் பார்த்த இடங்களுள் காஜாங் ஒன்று.

ரப்பர் மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், தப்பஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். ரப்பர் விதையில் எண்ணெய்ச் சத்து மிகுதி, சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சமே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலிருந்து 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. இந்தச் சிறிய கூட்டத்தின் வாரிசுகள்தான் நம் நாட்டில் இலட்சக்கணக்கான ஏக்கரில் பரவின.

வந்த மரத்தை என்ன செய்வதென்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. பிரேசில் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் காயம் ஆறாமல் மரம் கெடும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, பட்டையின் மேல் ஒரு மெல்லிய சீவலை மட்டும் எடுத்து, அடுத்த முறை அதே வெட்டின் கீழ் விளிம்பிலேயே மறுபடியும் சீவினால் பால் கூடுதலாகச் சுரக்கிறது என்று கண்டறிந்தார். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும்; அதையும் பின்னால் வெட்டலாம். ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுப்பதற்கு இந்த முறையே காரணம். விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ட துரையிடமெல்லாம் நட்டுப் பாருங்கள் என்று ரிட்லி கெஞ்சியதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் கிடைத்தது. மனிதர் நூறு வயதைக் கடந்து 1956 வரை வாழ்ந்தார். தம்மைப் பைத்தியம் என்றவர்களின் வாரிசுகள் கோடீசுவரர்கள் ஆனதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்போது சிலாங்கூரில் தோட்டம் என்றால் காப்பித் தோட்டம். 1890களின் நடுவில் காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தை நடத்திய கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ஏறத்தாழ 5 ஏக்கரில் ரப்பர் நட்டார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீன வணிகரும் நட்டார். சில ஆண்டுகளில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. அதே நேரத்தில் காற்றடைத்த டயரும் மோட்டார் காரும் வந்தன. காப்பியைப் பிடுங்கிவிட்டு எல்லோரும் ரப்பருக்கு ஓடினார்கள். 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. அந்த ஓட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் முன்னோர் கப்பலேறிய கதை இங்கேதான் தொடங்குகிறது. அதை வேறொரு பேச்சில் சொல்ல வேண்டும்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

முதலில் நட்ட மரங்களெல்லாம் விதையிலிருந்து முளைத்த மரங்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்று போல் இருப்பதில்லை அல்லவா? மரமும் அப்படியே. ஒரே நிரையில், ஒரே மண்ணில், ஒரே வயதில் நிற்கும் மரங்களில் ஒன்று மங்கு நிரம்பப் பால் கொடுக்கும். அடுத்தது மங்கின் அடியை நனைப்பதோடு நின்றுவிடும். நாலைந்து நல்ல மரங்கள் இல்லையென்றால் அந்த நிரைக்குப் போனவரின் வாளி நிரம்பாது. இதை முதலில் அறிந்தவர் யார்? ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் குனிந்து நின்றவர்தான். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வரவேண்டும் என்பதையும் அவர் கை அறியும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் அப்படி வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் திறக்கும். விடியுமுன் வெட்டினால் பால் கூடும், வெயில் ஏறினால் குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். இரவில் மரம் நீரை நிறைய வைத்துக்கொள்வதால் குழாய்க்குள் அழுத்தம் அதிகம் என்று பின்னாளில் புத்தகங்கள் காரணம் சொல்லின.

முதல் உலகப் போர் முடிந்தபின், போரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் காஜாங்குக்குத் தெற்கே காடு வாங்கி 1921இல் ஒரு தோட்டம் திறந்தார்கள். தாங்கள் பார்த்துவிட்டு வந்த போரை நினைத்து அதற்கு மலாய் மொழியில் பிராங் புசார் என்று பெயர் வைத்தார்கள். பெரும்போர் என்பது அதன் பொருள். புதிதாக நடுகிறோம், பொறுக்கி நட்டால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. ஜாவாவிலும் சுமத்திராவிலும் டச்சுக்காரர்கள் அப்போதுதான் ரப்பரில் கண் ஒட்டும் முறையைக் கைவசப்படுத்தியிருந்தார்கள்.

கண் ஒட்டுவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். இளங்கன்றின் தண்டில் கீழ்ப்பாகத்துப் பட்டையைச் சன்னல் போலத் திறக்க வேண்டும். நல்ல மரத்தின் கிளையிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு உரித்து அந்தச் சன்னலுக்குள் பொருத்திக் கட்ட வேண்டும். மூன்று வாரங்களில் பிடித்துக்கொள்ளும். பிறகு மேல் தண்டை அறுத்துவிட்டால், வேர் பழைய கன்றினுடையதாகவும் மேலே வளரும் மரம் அந்த நல்ல மரத்தின் மறுபிறப்பாகவும் ஆகிறது. ஒரு தாய்மரத்திலிருந்து இப்படி ஆயிரம், இலட்சம் மரங்கள் செய்யலாம். எல்லாம் ஒரே இரத்தம். இதைத்தான் 'குளோன்' என்கிறார்கள். நம் தோட்டங்களில் ஒட்டுமரம் என்றார்கள், அதுவே போதும்.

ஆனால் ஒட்டுவதற்குத் தகுந்த தாய்மரம் எது? பிராங் புசாரைச் சேர்ந்த மேஜர் கஃப் என்பவர் 1920களில் காஜாங் வட்டாரத்திலிருந்த ஏறத்தாழ பத்து இலட்சம் மரங்களிலிருந்து 618 மரங்களைத் தேர்ந்தெடுத்தார். பத்து இலட்சத்தில் 618! ரப்பர் ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த எண்ணைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். இன்று நாம் ரயிலில் கடந்து போகும் பக்கங்களில் அந்த மரங்கள் சிதறி நின்றன.

இந்த 618இலிருந்தும் தேறியவை மிகச் சிலவே. ஏனென்றால் தாய்மரம் நன்றாகக் கறந்தால் மட்டும் போதாது. ஒட்டுக்கன்று நட்டு, அது வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பிறகு பல ஆண்டுகள் பாலை நிறுத்துப் பார்க்க வேண்டும். காற்றுக்கு முறிகிறதா, பட்டை நோய் வருகிறதா, வெட்டிய பட்டை சரியாக வளர்கிறதா என்றெல்லாம் கணக்கெடுக்க வேண்டும். ஒரு மரத்தை நல்ல மரம் என்று துணிந்து சொல்லப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். கடைசியில் பெயர் எடுத்தவை பி.பி. 23, பி.பி. 25, பி.பி. 86, பி.பி. 186 போன்ற சில ஒட்டுவகைகள். பி.பி. என்பது பிராங் புசாரின் முதலெழுத்துகள்.

இவற்றுள் பி.பி. 86 சென்ற தூரத்தைச் சொன்னால் வியப்பாக இருக்கும். இலங்கையின் ரப்பர்த் தோட்டங்களில் நெடுங்காலம் அதுதான் முதன்மையான மரம். கேரளத்திலும் நட்டார்கள். பின்னர் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1 என்னும் வகையோடு பி.பி. 86ஐ மணமுடித்து வைத்துப் பெற்ற பிள்ளைதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை; அறுநூறு என்றால் போதும். தென் தாய்லாந்தின் சிறுதோட்டங்களில் மிகப் பெரும்பாலும் நிற்பது அந்த அறுநூறுதான். பிராங் புசாரின் பிற்கால வகைகளான பி.பி. 235, பி.பி. 260 ஆகியவை இந்தோனேசியாவுக்கும் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்கும் போய்விட்டன.

கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 1920களில் தேர்ந்தெடுக்காத விதை மரங்கள் ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்கு 650 கிலோ போலக் கொடுத்தன. 1950களில் சிறந்த ஒட்டுவகைகள் 1,600 கிலோ வரை எட்டின. 1990களில் வந்த வகைகள் 2,500 கிலோ வரை தரக்கூடியவை. நிலம் கூடவில்லை, மரத்தின் எண்ணிக்கையும் கூடவில்லை. கூடியதெல்லாம் பொறுக்கி எடுத்த அறிவு. புத்தாக்கம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரிந்து வேறில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. புத்தகத்தில் மேஜர் கஃப் பெயர் இருக்கிறது. மரத்தடியில் மங்கு மங்காகப் பார்த்தவர்களின் பெயர்கள் இல்லை. பத்து இலட்சம் மரங்களை ஒரு துரை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்திருக்க முடியுமா? வெட்டிய கையும், அளந்த கையும், கன்றுக்குக் கண் ஒட்டிய கையும் பெரும்பாலும் கூலிக் கணக்கில் இருந்த கைகள். துரையின் பங்கைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இருபது ஆண்டு காத்திருக்கும் பொறுமையும் பணமும் அவர்களிடம் இருந்தன. ஆனால் வரலாறு எழுதும்போது ஒரு பாதியை மட்டும் எழுதினால் நம் பிள்ளைகள், தம் பாட்டனுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடுவார்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்தது. சுங்கை பூலோவில் அதற்குப் பெரிய சோதனை நிலையம் இருந்தது. அந்த நிலத்தில் இப்போது புதிய நகரம் எழும்புகிறது. ஏற்றுமதியான ரப்பரின் மீது எடை அளவுக்கு ஒரு சிறு வரி பிடித்து அந்தக் கழகத்தை நடத்தினார்கள். ஆக, விற்ற சரக்கே தன்னைத் திருத்திக்கொள்ளும் செலவையும் கொடுத்தது. பிற்காலத்தில் தொழிற்சங்க ஒப்பந்தங்களில் பால் வெட்டுவோரின் சம்பளமும் ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விலை இறங்கினால் ஆராய்ச்சிக் கழகத்துக்கும் லயத்து வீட்டு அடுப்புக்கும் ஒரே நேரத்தில் சூடு குறைந்தது.

விலை இறங்கவும் செய்தது. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபோது அமெரிக்காவுக்கு ரப்பர் வருவது நின்றது. அவர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டினார்கள். அதே ஆண்டுகளில் நம் தோட்டத்து ஆட்கள் பலர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டார்கள். போர் முடிந்தும் அந்த ஆலைகள் மூடப்படவில்லை. செயற்கை ரப்பர் அளந்த தரத்தில், சுத்தமான கட்டிகளாகச் சந்தைக்கு வந்தது. நம்முடையதோ, புகைக்கூட்டில் காய்ந்த சீட்டைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, இது ஒன்றாம் நம்பர், இது மூன்றாம் நம்பர் என்று கண்ணால் தரம் பிரித்தது. டயர்க் கம்பெனிக்காரன் எதை வாங்குவான்?

இதற்குக் கண்ட விடைதான் 1965இல் வந்த எஸ்.எம்.ஆர். என்னும் மலேசியத் தர ரப்பர். ரப்பரைச் சிறு துணுக்குகளாக்கிக் கழுவி, சூட்டில் உலர்த்தி, முப்பத்து மூன்று கிலோ சொச்சம் எடையுள்ள கட்டிகளாக அழுத்தி, அழுக்கு எவ்வளவு என்று சோதனைச்சாலையில் அளந்து எண் போட்டார்கள். தொடக்கத்தில் எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு 0.20 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று பொருள். இதன் பயன் ஒன்று நமக்கு நேராகத் தெரியும். மங்கில் உறைந்த கட்டிப்பாலும், வெட்டுக் கோட்டில் காய்ந்த கோட்டுப்பாலும் முன்பு இரண்டாந்தரச் சரக்கு. புதிய முறையில் அவையே டயருக்கு ஏற்ற ரப்பராயின. இன்று நம் நாட்டுச் சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் விற்பது கட்டிப்பாலைத்தான்.

புத்தாக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்மை செய்வதில்லை என்பதற்குச் செம்பனையிலிருந்து ஒரு செய்தி. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனையை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டார். 1960களுக்குப் பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது பெருகியது. ஆனால் இங்கே குலையில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் ஆட்களை, பெரும்பாலும் பெண்களை, வைத்துப் பூவுக்குப் பூ மகரந்தத் தூளை ஊதச் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் இப்படி யாரும் ஊதுவதில்லையே, அங்கே மட்டும் எப்படிக் காய்க்கிறது என்று ஆராய்ந்தவர் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சயீத். கேமரூன் நாட்டில் ஆண் பூவில் வாழும் சின்னஞ்சிறு வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். வேறு பயிருக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்த பின், 1981இல் அந்த வண்டுகளை ஜொகூரில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். சில மாதங்களில் அவை நாடெங்கும் பரவின. காய்ப்பிடிப்பு நன்றாக உயர்ந்தது. தோட்டக் கம்பெனிகளுக்குப் பெரிய மிச்சம். தூள் ஊதிக்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை போயிற்று. இரண்டும் உண்மை. வண்டை வாழ்த்துகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தோட்டத்து ஆட்கள் தாமே உடைமையாளராக முயன்ற ஒரு நிகழ்ச்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுக்கச் சொன்னார். 1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. அன்றைய சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி என்பது விளையாட்டல்ல. மூக்குத்தியை அடகு வைத்தாவது பங்கு எடுக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் எடுத்தார்கள். கண்டுபிடிப்பு யாருடையதாக இருந்தாலும் ஆதாயம் நிலத்துக்கு உடையவனிடமே போய்ச் சேரும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை.

பிராங் புசார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1990களின் நடுவில் அரசாங்கத்தின் புதிய நிர்வாகத் தலைநகருக்கு அந்த நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிராங் புசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மேல்தான் புத்ராஜெயா நிற்கிறது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. பால்மரத்தைப் பொறுக்கித் தேர்ந்த மண்ணில் இப்போது அமைச்சுகளும் ஏரியும் பாலங்களும். 2011 ஜூன் மாதம், டீசலில் 5 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து விற்கும் திட்டம் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய இடமும் புத்ராஜெயாதான். அந்த மண்ணுக்கு இந்த வேலை விட்டுப்போகவில்லை போலும்.

உலகத்தில் வேறு எங்கும் இதைச் செய்ய முடியாதா என்றால், முயன்றவர்கள் உண்டு. மோட்டார் கார் மன்னர் ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலில், விக்கம் விதை பொறுக்கிய அதே தப்பஜோஸ் ஆற்றங்கரையில், ஃபோர்டுலாண்டியா என்று ஒரு பெரிய ரப்பர்த் தோட்டம் போட்டார். பணத்துக்குக் குறைவில்லை. மரங்களை நெருக்கி நட்டதும் அந்த மண்ணிலேயே பிறந்த இலைக்கருகல் நோய் தோட்டத்தை அழித்தது. 1945இல் அதைப் பிரேசில் அரசிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். அந்த நோய் கடல் தாண்டி நம் பக்கம் வரவில்லை என்பது நமக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் நம் மரங்கள் அனைத்தும் ஒரு சிறு கூட்டத்தின் பிள்ளைகள் ஆதலால், ஒரு நோய் வந்தால் எல்லாமே சேர்ந்து படுக்கும் ஆபத்தும் உண்டு. 1981இல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து அமேசான் காட்டுக்குப் போய்ப் புதிய விதைகள் திரட்டியது அதனால்தான். 2017 முதல் வேறொரு இலையுதிர் நோய் இந்தோனேசியாவிலும் நம் நாட்டிலும் ரப்பரை வாட்டி வருகிறது.

ரப்பரில் பால் மட்டும்தான் பொருள் என்று நெடுங்காலம் எண்ணினோம். வயதான மரத்தை அறுத்துப் புகைக்கூட்டுக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போட்டோம். மிச்சத்தைக் காட்டிலேயே கொளுத்தினோம். அந்தப் பலகையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. அறுத்த சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும். துளைக்கும் வண்டு உளுக்க வைக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளை அறையில் உலர்த்தினால் இந்தக் கேடு இல்லை என்று கண்டார்கள். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1980களிலிருந்து ரப்பர்ப் பலகை நாற்காலியும் மேசையுமாகி வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. ஜொகூரில் மூவார் பட்டணம் அதனாலேயே பெயர் பெற்றது. வெளிநாட்டில் அதற்கு 'மலேசிய ஓக்' என்று கௌரவப் பெயர் வேறு.

பலகை அறுத்தால் மரத்தூள் விழும். இந்தத் தூளைத்தான் இன்று நம் நாட்டில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் வாங்குகிறார்கள். செராஸ் போன்ற இடங்களில் குடியேறிவிட்ட தோட்டத்துக் குடும்பங்கள் நிலம் இல்லாமல், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுச் செய்யக்கூடிய தொழில் இது. ஆகவே முறையைச் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறோம். விருப்பம் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

ரப்பர் மரத்தூள் 100 பங்கு, அரிசித் தவிடு 10 பங்கு, சுண்ணாம்பு 1 பங்கு. இவற்றை நீர் தெளித்துக் கலக்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இதைச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைகளில் இறுக்கி அடைத்து, பல மணி நேரம் நீராவியில் வேகவைத்து, நன்றாக ஆறியபின் காளான் வித்து இட வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பலர் நட்டப்படுகிறார்கள். கையும் இடமும் சுத்தமாக இல்லாவிட்டால் பச்சைப் பூஞ்சை பிடித்துப் பை வீணாகும். வித்து இட்ட பைகளை நிழலில் அடுக்கி வைத்தால் ஒரு மாதம், நாற்பது நாளில் பை முழுதும் வெண்மை பரவும். பிறகு மூடியைத் திறந்து, தரையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். வெயில் காலத்தில் தகரக் கூரை ஆகாது; அத்தாப்பு நல்லது. முதலில் ஐம்பது பைகளை விலைக்கு வாங்கி வளர்த்துப் பார்த்துவிட்டு, பின்பு சொந்தமாகப் பை கட்டத் தொடங்குவதே புத்தி. பறித்த காளான் அதிக நாள் தாங்காது. ஆதலால் பசார் மாலாமிலோ பக்கத்துக் கடையிலோ வாங்கும் ஆளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாதங்கள் பறித்த பின் பை ஓய்ந்துவிடும். அந்தத் தூளைக் கொட்டி மட்க வைத்தால் வெண்டைக்கும் கத்திரிக்கும் நல்ல உரம்.